கம்பி யார் கையில்?

கீழ்புத்துப்பட்டிலிருந்து வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே போனால் காலாப்பட்டில் 1985-ல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகம். இவை இரண்டுக்கும் நடுவே வாழ்கிறார்கள் நம் மக்கள். விடியுமுன் பாத்தியில் இறங்குகிறார்கள். கண் கூச, கால் வெடிக்க உப்பு வாருகிறார்கள். உப்பு விலை ஏறினால் பத்திரிகைகளுக்கு அது செய்தி. உப்பு வாருகிறவர் காலில் புண் ஏறினால் அது செய்தி இல்லை!

இப்பகுதி உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். தாயின் கூலியைப் பற்றியும் கால் புண்ணைப் பற்றியும் மாணவர் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதினாள். "படிக்க வந்தாயா, செய்தி எழுத வந்தாயா?" என்று மிரட்டி, அந்தத் தாளைக் கிழித்தெறிந்தார்கள். அவள் நம்மிடம் வந்து சொன்னபோது அழவில்லை. "அண்ணா, நான் எழுதியதில் ஒரு வரி பொய் என்று அவர்கள் சொல்லவில்லையே!" என்றாள்.

இதைக் கேட்ட கனவான்கள் சிலர் நமக்கு உபதேசம் செய்கிறார்கள். "இணையம் வந்துவிட்டது. இனி யாரும் எழுதலாம், யாரும் படிக்கலாம். தாளைக் கிழித்தால் என்ன?" என்கிறார்கள். உண்மையா? நடந்த கதையைப் பார்ப்போம்.

மாணவர் சேர்த்த சொத்து

1994-ம் ஆண்டு. அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 'யூ-வயர்' என்ற ஏற்பாடு தோன்றியது. ஒரு கல்லூரி மாணவர் ஏட்டில் வந்த செய்தியைக் கம்ப்யூட்டர் மூலம் பிற கல்லூரி ஏடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. ஓர் ஊரில் கல்விக் கட்டணம் உயர்ந்தால் மற்ற ஊர் மாணவன் அதை அறிய வழி பிறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் முடிவு என்ன? மாணவர் உழைப்பில் வளர்ந்த அந்த ஏற்பாடு நாளடைவில் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று!

நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. எந்தப் பொதுமக்களுக்கு? பெருநகரத்தில் இருந்து, ஆங்கிலம் தெரிந்து, பணமும் உள்ளவர்களுக்கு! தமிழில் ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் வெறும் கிறுக்கலாய்த் தெரிந்த காலம் அது. ஆளுக்கொரு எழுத்துமுறை. அதை ஒழுங்குபடுத்த 1999-ல் சென்னையில் ஒரு மாநாடே கூட்ட வேண்டியிருந்தது. கூலிக்காரன் பிள்ளை இந்த வாசலை எட்டிப் பார்ப்பதற்குள் எத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன!

நம் கரையில் நடந்தது

அப்படியானால் இந்தக் கருவியே வேண்டாம் என்கிறோமா? இல்லவே இல்லை. நம் கரையிலேயே வேறு பாடமும் உண்டு.

1998-ல் வில்லியனூரை மையமாக வைத்து, சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அவற்றை நடத்தியவர்கள் அந்தந்த ஊரார். வீராம்பட்டினத்தில் என்ன செய்தார்கள்? அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இணையத்தில் எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். போர்க்கப்பல் வைத்திருப்பவன் போட்ட கணக்கு கட்டுமரத்துக்கு உதவியது!

2004 டிசம்பர் 26. சுனாமி வந்த அன்று, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் முழங்கினார்கள். 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். செய்தி ஊரார் கையில், ஊரார் மொழியில், எல்லார் காதிலும் விழுந்ததால் வந்த பலன் இது.

சாவி வேறொருவர் கையில் இருந்தால்? இன்னொரு உப்புக் கரையைப் பாருங்கள். 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் மாண்டார்கள். மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். பிணத்தை எண்ணுமுன் வாயை அடைத்தார்கள்!

ஆகவே கனவான்களே, கம்பி வந்ததால் மட்டும் செய்திக்கு விடுதலை வந்துவிடாது. கம்பி யார் கையில், அதில் போவது யார் செய்தி என்பதே கேள்வி.

மாணவத் தம்பி தங்கைகளே! உங்கள் ஊர்க் கூலியை, கிணற்றை, ஆஸ்பத்திரியை எழுதுங்கள். கண்ணால் கண்டதை, கணக்குப் பார்த்து எழுதுங்கள். மரக்காணத்துச் செய்தி வேதாரண்யத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகட்டும். அங்குள்ளது இங்கு வரட்டும். இணையத்தை நிறுத்தினால் தாளில் எழுதுங்கள். தாளைக் கிழித்தால் டீக்கடையில் உரக்கப் படியுங்கள்.

ஆலைத் தோழர்களே, விவசாயத் தோழர்களே! எழுதுகிற பிள்ளை தனியாக நிற்கக் கூடாது. கிழித்த தாளுக்குக் கணக்குக் கேட்க, அந்தப் பெண்ணோடு கல்லூரி வாசலுக்கு நாமும் போவோம். அவள் எழுதியது நம் கதை!