பேட்டரியை யார் கழற்றுவது?

மின்சார சைக்கிள் வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்கும் நண்பர்கள் பெருகிவிட்டார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. ஆனாலும் புதுச்சேரிக்காரனுக்குச் சைக்கிளை விட மனம் வராது. எத்தனை வாட் மோட்டார், ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறார்கள். லைசென்ஸும் பதிவும் வேண்டாம் என்றால் நம் நாட்டில் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். ஆகவே அந்த வரிசையில் வண்டிக்கு வண்டி பெரிய வித்தியாசம் இருக்காது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பேட்டரியை யார் கழற்றுவது?

மாடியில் குடியிருப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. காய்கறிப் பை மாதிரி தூக்கிக்கொண்டு படியேறலாம். சட்டத்துக்குள்ளேயே பேட்டரியைப் புதைத்துவிட்ட வண்டி என்றால், பிளக் இருக்கும் இடத்துக்கு இருபது கிலோவுக்கு மேற்பட்ட முழு வண்டியும் போக வேண்டும். மாடிப்படி அடியில் ஒயர் இழுத்து இரவெல்லாம் சார்ஜ் போடுகிறார்கள் சிலர். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வீட்டிலுள்ளவர்கள் வெளியேற இருப்பது அந்த ஒரே வழி. தயவுசெய்து வேண்டாம்.

கழற்றலாம் என்று கடைக்காரர் சொன்னாலும் எப்படிக் கழற்றுவது என்று பாருங்கள். சில மடக்கு சைக்கிள்களில் சீட்டைச் சாய்த்தால்தான் பேட்டரி மேலே வரும். சாய்வுக் குழாயின் மேல் உட்கார்ந்திருப்பதைக் குனிந்து எடுக்க வேண்டும். குழாய்க்குள் இருப்பது சிலவற்றில் சாவி திருப்பியதும் கீழ்நோக்கி இறங்கும். இன்னொரு கை தாங்கிப் பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும். என் ஓட்டு பின் கேரியருக்கே. சாவியைத் திருப்பி, இடுப்பு உயரத்தில் டிராயர் இழுப்பதுபோல இழுத்தால் போதும். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் கனக்கும், பார்வைக்கும் அழகில்லைதான். இந்த வயதில் நம்மை யார் பார்க்கப் போகிறார்கள்!

மாட்டும்போது சுவிட்ச் அணைந்திருக்கட்டும். முனைகள் நேராகப் பொருந்தியதும் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். பூட்டிய பிறகு ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே ஏறுங்கள். அரைகுறையாக மாட்டியது பள்ளத்தில் குதித்தால் நடுத்தெருவில் நின்றுவிடும். நம் ஊர்க் கடற்காற்று பித்தளையையே பச்சையாக்குவது. ஆகவே கழற்றும்போதெல்லாம் முனைகளை உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது.

2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் பேட்டரிகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. பழைய பழக்கம், பிரெஞ்சில்தான் படித்தேன். 'அமோவிப்ல்' என்று ஒரு சொல்: கழற்றத்தக்கது. அதன் எதிர்ச்சொல்லான 'இனாமோவிப்ல்' பிரான்சில் நீதிபதிகளுக்குச் சொல்வது, பதவியிலிருந்து அசைக்க முடியாதவர் என்று. சைக்கிள் பேட்டரிக்கு அந்தப் பாதுகாப்பு எதற்கு? 2027 பிப்ரவரி முதல் மின்சார சைக்கிள் பேட்டரியைத் தயாரிப்பாளரைச் சாராத ஒரு தொழில்முறை மெக்கானிக்கும் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நல்லதே; ஆனால் எனக்குப் போதாது. மெக்கானிக் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதற்கு. நான் வாரம் இருமுறை கழற்ற வேண்டியவன். "விடுங்கப்பா, நான் வந்து கழற்றித் தர்றேன்" என்கிறான் மகன். அவன் வீடு திரும்ப இரவு எட்டு மணி. அதற்காகக் காத்திருப்பதென்றால், காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போகலாமா என்பதையும் அவன்தானே முடிவுசெய்கிறான்?

ஆபீசில் டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல் தட்டச்சு செய்தே காலம் கழித்தவன் நான். நம் அரசு மின்சார சைக்கிளுக்கு விதி எழுதும்போது இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன்: வாங்கியவரே கருவி ஏதுமின்றி, சாவி ஒன்றால் பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும், மாற்றுப் பேட்டரியின் விலையை விற்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதுவரைக்கும் கடையில் வெட்கப்படாமல், விற்பனைப் பையனைத் தள்ளி நிற்கச் சொல்லி, நீங்களே மூன்று முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி இல்லாமலும் ஒருமுறை. சாவியில் எண் பொறித்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் மாற்றுச் சாவிக்கு அதைத்தான் கேட்பார்கள்.