கொக்கின் மேல் பழி வேண்டாம்

அவலூர்பேட்டையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும் கொக்குகள் கூட்டமாய் இறங்குவது நமக்குப் பழகிய காட்சி. அவற்றின் உடலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்று கேட்டதும் சிலர் அஞ்சுகின்றனர். மரத்திலுள்ள கூடுகளைக் கலைக்க வேண்டும் என்கின்றனர். அது தீர்வாகாது என்பதே எங்கள் கருத்து.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது, 1955-இல், நமக்கு வடக்கேயுள்ள வேலூர்ப் பகுதியில்தான். கொக்கு நேரே நம்மைத் தொற்றுவதில்லை. நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகும் கிருமியை, வயல்நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசுவே நம்மிடம் சேர்க்கிறது. நோயுற்ற மனிதரிடமிருந்து பிறருக்கு இது பரவாது. படுக்கையருகே இருந்து கவனிப்போர் அஞ்ச வேண்டியதில்லை.

தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே மூளை பாதிக்கப்படுகிறது. ஆயினும் அவர்களில் 100-க்கு 30 பேர் வரை உயிரிழக்கக்கூடும். பிழைத்தோர் பலர் பேச்சோ நடையோ நினைவோ குன்றி வாழ்கின்றனர். கிருமியை அழிக்கும் தனி மருந்து இல்லை. தடுப்பூசி உண்டு. நோய் காணப்படும் மாவட்டங்களில் 9 மாதம் நிறைந்ததும் ஒருமுறையும், 16 முதல் 24 மாதத்துக்குள் மறுமுறையும் அரசு அதை இலவசமாகப் போடுகிறது.

பன்றிக் கொட்டில் வீட்டைவிட்டுத் தள்ளியே இருக்கட்டும். இரவில் கொசுவலைக்குள் உறங்குங்கள். காய்ச்சலுடன் வலிப்போ, நினைவுத் தடுமாற்றமோ கண்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். கொக்கை விரட்டும் நேரத்தில் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், காப்பாற்றுவது அதுவே.