சின்னஞ்சிறு கைகளும் வீட்டு அலமாரிகளும்



நம் இல்லங்கள் யாவும் வளர்ந்தோரின் கண்ணுக்கும் கைக்கும் ஏற்பக் கட்டப்பட்டவை. தவழும் குழந்தையோ அவ்வீட்டை வேறு விதமாகக் காண்கிறது. கட்டிலின் அடியில், அடுக்களைத் திண்டின் கீழே, பீரோவின் கடைசி இழுப்பறையில் என்னென்ன கிடக்கின்றன என்பதை வீட்டுத் தலைவரைக் காட்டிலும் ஒன்றரை வயதுக் குழந்தை நன்கறியும். தொட்டும் சுவைத்துமே அது உலகைக் கற்கிறது. இதனைக் குறும்பு என்று சினப்பது முறையன்று, இது வளர்ச்சி.

இராயகிரி போன்ற ஊர்களில் இதனைச் சற்றுக் கூடுதலாகவே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலையடிவாரத்தில் உழுது பயிரிடும் குடும்பங்களில் வீடே பண்டகசாலையாகவும் விளங்குகிறது. உர மூட்டை திண்ணையில், மருந்து தெளிக்கும் கருவி கதவு மூலையில், அரிவாள் இறவாணத்தில், மிஞ்சிய பூச்சிமருந்து மாடக்குழியில். வீடு மந்திரிக்கச் செல்லும் போதெல்லாம் நாம் காணும் காட்சி இது. மேலும், அந்த நஞ்சினை நாம் ‘மருந்து’ என்றே அழைக்கிறோம். “வயலுக்கு மருந்தடிக்கப் போகிறேன்” என்கிறார் தந்தை. “மருந்தைக் குடி, காய்ச்சல் தீரும்” என்கிறார் தாய். இரண்டிற்கும் ஒரே சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு வேற்றுமை எங்ஙனம் விளங்கும்?

2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் சிற்றூர்ப் பள்ளியில் மதிய உணவு உண்ட பிள்ளைகளுள் 23 பேர் மாண்டனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. நஞ்சிருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டதே கேட்டிற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஒரு கலம் இடம் மாறியதால் ஓர் ஊரே தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தது. ஆகவே முதல் விதி இதுவாகட்டும்: நஞ்சிருந்த கலத்தில் உணவில்லை, உணவிருந்த கலத்தில் நஞ்சில்லை. குளிர்பானப் புட்டியில் மண்ணெண்ணெயோ, கழிப்பறை கழுவும் அமிலமோ ஊற்றி வைக்கும் வழக்கம் இன்றே ஒழிய வேண்டும். தாகமுற்ற பிள்ளை புட்டியைப் பார்க்குமேயன்றி, உள்ளிருப்பதை ஆராயாது.

பூச்சிமருந்தைப் பூட்டுள்ள பெட்டியில், கூடுமாயின் வீட்டிற்கு வெளியே, வைத்தல் நலம். ‘உயரத்தில் வைத்திருக்கிறேன்’ என்பது போதாது. மூன்று வயதுப் பிள்ளை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறும். அலமாரிக்குக் கொண்டியும் சிறு பூட்டும் போதும். இழுப்பறைகளுக்கெனச் சிறு தடுப்புகளும் கடைகளில் கிடைக்கின்றன. இழுப்பறைகளையே படியாகக் கொண்டு பிள்ளைகள் ஏறுவதுண்டு. அவ்வேளையில் அலமாரி முன்சாய்ந்து மேலே விழக்கூடும். எனவே உயரமான அலமாரிகளையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்து விடுக.

பாட்டியின் சர்க்கரை நோய் மாத்திரைகள் தலையணை அடியிலும், கருவுற்ற தாயின் இரும்புச்சத்து மாத்திரைகள் சன்னல் திட்டிலும் கிடப்பது வழக்கம். வண்ண மாத்திரை குழந்தைக்கு மிட்டாயாகவே தோன்றும். பெரியவருக்கு உயிர் காப்பது சிறியவருக்கு உயிர்க்கேடாகலாம். தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியையும் மறவாதீர். சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளை அழுத்த, அது வெடித்துக் கண்ணில் தெறித்துப் பார்வையே பாழாவதுண்டு. பொம்மைகளில் உள்ள பொத்தான் போன்ற சிறு மின்கலம் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உட்சதையை அரித்துவிடும்.

இனிக் கதவுகள். கீல் இருக்கும் பக்கத்து இடுக்கில் எத்தனையோ பிஞ்சு விரல்கள் நசுங்கியுள்ளன. கதவின் மேல்விளிம்பில் தடித்த துணியொன்றைப் போட்டு வைத்தால் காற்றில் அறைந்து சாத்தாது. குளியலறைக்கு உட்புறத் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்திலும், வெளிப்புறத் தாழ்ப்பாள் ஒன்றும் இருத்தல் வேண்டும். வாளியில் ஒரு சாண் நீர் இருந்தாலும் தலைகுப்புற விழும் குழந்தை மூழ்கிவிடும்.

வீட்டுக் கதவை அடைத்துவிட்டுத் தோட்டத்துக் குழியைத் திறந்து வைப்பதும் பயனற்றது. 2014 ஏப்ரலில் நம் சங்கரன்கோவிலுக்கு அருகேயுள்ள குத்தாலப்பேரியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த மூன்று வயதுச் சிறுவன், மதுரை மணிகண்டன் உருவாக்கிய கருவியால் உயிருடன் மீட்கப்பட்டான். 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையோ நான்கு நாள் போராட்டத்திற்குப் பின்னரும் பிழைக்கவில்லை. கைவிடப்பட்ட கிணறுகளை மூடுமாறு உச்சநீதிமன்றம் 2010-இலேயே நெறிமுறைகள் வகுத்திருந்தது. கட்டளை இருந்தது, மூடிதான் இல்லை.

இத்தனை காவலுக்குப் பின்னும் விபத்து நேரின், பதறாது செயற்படுக. மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்த பிள்ளைக்கு உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வது பெருந்தீங்கு. மண்ணெண்ணெய் நுரையீரலுள் புகும், அமிலம் தொண்டையை மீண்டும் சுடும். கண்ணில் சுண்ணாம்பு பட்டால், எண்ணெயோ பாலோ விடாமல், தூய நீரை ஊற்றிக் கால் மணி நேரமேனும் கழுவுக. 108-ஐ அழையுங்கள், குடித்த மருந்தின் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நஞ்சுத் தகவல் மையம் 1800 116 117 என்னும் எண்ணில் கட்டணமின்றி விளக்கம் தருகிறது.

‘அடித்து வளர்த்தால் தொடமாட்டான்’ என்பார் சிலர். கனடா நாட்டு விண்ட்சர் நகரில் ஓட்டல் டியூ மருத்துவமனைக் குழந்தை மருத்துவர் என்றி புரோ இவ்வழியில் செல்லவில்லை. மாத்திரைகளை விழுங்கி வரும் பிள்ளைகளைத் தொடர்ந்து கண்டு மனம் வெதும்பிய அவர், பிள்ளையைத் திருத்துவதை விடுத்து மூடியைத் திருத்த முனைந்தார். அழுத்தித் திருகினாலன்றித் திறவாத மூடி 1967-இல் அவரது முயற்சியால் வந்தது. அவ்வட்டாரத்தில் குழந்தைகள் மருந்துண்டு நஞ்சேறும் நிகழ்ச்சிகள் பெரிதும் குறைந்தன. பிரம்பால் முடியாததை ஒரு மூடி செய்தது.

விபத்து நேர்ந்த வீட்டில் தாயை மட்டும் பழிப்பதும் தகாது. வயலிலிருந்து மருந்தைக் கொண்டு வந்தவர் எவரோ, அதனைப் பூட்டும் கடமையும் அவருக்கே. ஆதலின் வரும் ஞாயிறன்று, வீட்டில் ஆண்மக்களும் இருக்கும் வேளையில், அனைவரும் தரையில் முழந்தாளிட்டு ஒவ்வோர் அறையாகச் சுற்றி வாருங்கள். குழந்தையின் உயரத்திலிருந்து கண்ணில் படுவதை எல்லாம் எடுத்துப் பூட்டுங்கள். அரைமணி நேர வேலைதான். திறவுகோலைப் பிள்ளைக்கு எட்டாத ஆணியில் மாட்டிய பின் எழுந்திருங்கள்.