பட்டாளத்துப் பூச்சாண்டி

போன வாரம் தக்கலையில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர், பிளஸ் டூ தவறிய தன் மருமகனைக் காட்டி, "இவன பட்டாளத்துல தள்ளணும் கேட்டீரா. அங்க நாலு சாத்து சாத்தினா தன்னால நேராவான்" என்றார். பந்தி மொத்தமும் தலையாட்டியது. எனக்கு அடைப்பிரதமன் இறங்கவில்லை.

அடித்தால் ஒழுங்கு வருமாம்! மண்டபத்துக்குப் பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சி. அங்கே உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் படுத்திருக்கிறார். டச்சுக் கம்பெனிப் படையோடு குளச்சலுக்கு வந்தவர். மீறினால் சவுக்கு, ஓடினால் தூக்கு என்று வளர்க்கப்பட்ட படை அது. 1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைந்தது. அப்புறம் டிலனாய் என்ன செய்தார்? தன்னைத் தோற்கடித்த ராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனிக்குச் செய்துகொடுத்த சத்தியம் குளச்சல் கடலோடு போயிற்று.

சவுக்கு வாங்கித் தராத விசுவாசத்தை மரியாதை வாங்கித் தந்தது. 1777-இல் சாகும்வரை அவர் இங்கேதான் இருந்தார், 'வலிய கப்பித்தான்' என்ற பட்டத்தோடு. இன்று கோட்டை பூங்காவாகிவிட்டது. செல்ஃபி எடுக்கிறோம், கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

தலக்குளத்து வேலுத்தம்பி தளவாயைவிடக் கண்டிப்பானவர் உண்டா? 1804-இல் திருவிதாங்கூர்ப் படையின் படியில் கைவைத்தார். நாயர் படை அவர் தலையைக் கேட்டுத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிவிட்டது. வெள்ளைக்காரனைக் கூப்பிட்டுத்தான் அடக்க முடிந்தது. அதற்கு விலையாக 1805-இல் ஒரு உடன்படிக்கை, வருஷம் எட்டு லட்சம் ரூபாய் கப்பம். அடுத்த வருஷமே வேலூரில் சிப்பாய்க் கலகம். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகைதான் என்று அதட்டிய ஆங்கிலக் கம்பெனிக்கு 1806 ஜூலை 10 விடியுமுன் பதில் கிடைத்தது.

சாப்பாடு, சம்பளம், மானம் மூன்றில் ஒன்று போனால் எந்தப் படையும் கலையும். 

வேடிக்கை என்னவென்றால், 'நாலு சாத்து' வசனம் பேசுகிறவர்கள் பட்டாளத்து வாசலை மிதித்தவர்கள் இல்லை. ஓய்வுபெற்று வந்த அண்ணன்மாரிடம் நாம் எல்லையைப் பற்றிக் கேட்பதில்லை. கேன்டீன் சரக்கு கிடைக்குமா என்றுதான் கேட்கிறோம். இதே வசனத்தை நம்பித்தான் பள்ளிக்கூடங்களில் டிரில் மாஸ்டர் முடி வெட்டாத பையனை வெயிலில் முட்டிபோட வைக்கிறார். பெற்றோர் கைகூப்பி நன்றி சொல்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு தகவல்: 2009 கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவு. பள்ளியில் பிள்ளையை அடிக்கத் தடை; மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.