தேன் விற்பவர்களே, ஒரு பெட்டி வைத்துப் பாருங்கள்!

எமது மக்களிடம் தேனுக்குத் தனி மதிப்புண்டு. அல்குர்ஆனில் தேனீயின் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. இருமல் என்றாலும் வயிற்றுக் கோளாறு என்றாலும், "நல்ல தேன் இருக்கா நானா?" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்கு வருவார்கள். நானும் பல வருடங்களாக "இருக்கு" என்று சொல்லி விற்றவன்தான்.

ஒருமுறை மலைநாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் இருபது போத்தல்கள் மொத்தமாக வாங்கினேன். நெருப்புக் குச்சியைத் தேனில் தோய்த்து உரசினேன், பற்றியது. தண்ணீரில் ஒரு துளி விட்டேன். கரையாமல் அடியில் போய் நின்றது. திருப்தியோடு விற்றேன். இரண்டு மாதத்தில் போத்தல்களில் நுரை கட்டி, புளித்த வாடை வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் தனது போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "வாப்பாவுக்கு மருந்துக்கு வாங்கினது" என்றார், அவ்வளவுதான். காசைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அவர் என் கடைப்பக்கம் வரவேயில்லை. அது கலப்படமா, பக்குவப்படாத தேனா என்று அவருக்குச் சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பின்னரே வீட்டுத் தோட்டத்தில் ஒரு தேனீப் பெட்டி வைத்தேன். தேனீக்கள் கொண்டுவரும் பூஞ்சாற்றில் தண்ணீர் அதிகம். அவை சிறகால் விசிறி அதை வற்றவைத்து, பக்குவமானதும் மெழுகால் மூடுகின்றன. மூடாத அடையைப் பிழிந்தால் தேன் புளிக்கும். சர்வதேசத் தரப்படி ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கெட்டியான சீனிப்பாணியும் தண்ணீரில் அடியிலேயே போய் நிற்கும் என்பதையும் அப்போதுதான் செய்து பார்த்தேன்.

பெட்டி வைப்பது பெரிய முதலீடல்ல. எமது நாட்டுத் தேனீ மரப்பொந்திலும் மண் முட்டியிலும் தானாகக் குடியேறும். அதைப் பெட்டிக்கு மாற்றலாம். பெட்டியின் கால்களைத் தண்ணீர் நிரப்பிய சிரட்டைகளில் வைத்தால் எறும்பு ஏறாது. பூ இல்லாத காலத்தில் தேனீக்களுக்குச் சீனிக் கரைசல் வைக்க வேண்டும். முதல் வருடம் நான் ஆசைப்பட்டு எல்லா அடையையும் எடுத்துவிட்டேன். ஒருநாள் காலையில் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளை, பிந்துனுவெவவில் இருக்கிறது. முதலில் அங்கு விசாரிப்பது நல்லது.

ஒரு பெட்டித் தேனை வைத்துக் கடை நடத்த முடியாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் தேன் வாங்கப் பழகுவதற்கு அந்த ஒரு பெட்டி போதும். "றப்பர் தோட்டமா, யூகலிப்டஸா? அடை மூடியிருந்ததா?" என்று கேட்கத் தெரிந்த வியாபாரியிடம் சீனிப்பாணியைக் கொண்டுவர இலகுவில் துணிய மாட்டார்கள்.

இன்று நான் இரண்டு வளர்ப்பாளர்களிடம் மட்டும், அவர்களது பெட்டிகளை நேரில் பார்த்த பிறகே வாங்குகிறேன். பழைய சாராயப் போத்தலில் வருவதைத் தொடுவதில்லை. சில மாதங்களில் என் இறாக்கையில் தேனே இருக்காது. கேட்பவர்களிடம் "இல்லை" என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் கோபிப்பதில்லை, எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். எமது சகோதர வியாபாரிகளும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம்.