பொத்தானை மறைத்தால் போதுமா?

மாணவர்களே, சுங்கை சிப்புட்டில் பிறந்த உங்கள் நண்பரின் பிறந்த தேதி உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால், அவருடைய 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் எட்டு இலக்கங்களை ஊகித்துவிடலாம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 08. மீதமுள்ளவை நான்கே. அவற்றிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆக, 5,000 எண்களை முயன்றால் போதும். விநாடிக்குப் பத்து எண்களை முயலும் நிரல் ஒன்பது நிமிடத்திற்குள் முடித்துவிடும்.

இதனால் என்ன ஆபத்து? செயலிகளும் இணையத்தளங்களும் ஏபிஐ என்னும் வாயில் வழியாகவே சேவையகத்திடம் தரவைக் கேட்டு வாங்குகின்றன. உள்நுழையாதவருக்கு ‘மதிப்பெண் பட்டியல்’ என்ற பொத்தானை மறைத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். வாயிலின் முகவரி தெரிந்தவருக்குப் பொத்தான் எதற்கு? அடையாள எண்ணைச் சேர்த்து நேரே கேட்டுவிடலாம்.

2021 அக்டோபரில் பலருக்கு மைசெஜாத்ராவிலிருந்து கேட்காமலேயே ஓடிபி எண்கள் வந்தன. வணிகர்கள் கியூஆர் குறியீட்டுக்குப் பதியும் வசதியைத் தீய நிரல்கள் தவறாகப் பயன்படுத்தின என்றும், பயனர் தரவு கசியவில்லை என்றும் அதன் குழு விளக்கியது. ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிறுவனம் தப்பவில்லை. 2022இல் ஏறக்குறைய 95 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. பூட்டாத ஏபிஐ வாயிலே காரணம் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு வழக்குத் தொடுத்தது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் சேவையகம் இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். நீங்கள் யார்? பதில் இல்லையென்றால் 401 என்று திருப்பி அனுப்ப வேண்டும். இந்தத் தரவைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா? இல்லையென்றால் 403. பலர் மறப்பது இரண்டாவது கேள்வியை. ஓவாஸ்ப் அமைப்பின் ஏபிஐ அபாயப் பட்டியலில் 2019, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் முதலிடம் இந்தக் குறைக்குத்தான்.

அடையாள எண்ணை மட்டும் கேட்டால் பெற்றோருக்கு எளிது என்பார்கள். உண்மைதான், திருடனுக்கும் எளிது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

பள்ளியில் நீங்கள் செயலி உருவாக்கினால், உங்கள் சொந்தச் செயலியில் மட்டும் இதைச் செய்து பாருங்கள்: வெளியேறிய பிறகு, தரவின் முகவரியை உலாவியில் நேரே தட்டுங்கள். 401 வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. பெயர்ப் பட்டியல் வந்தால், வேறு யாருக்கும் அந்தச் செயலியைக் கொடுக்காதீர்கள்.