8 வினாடி வீடியோவும் நிறைவேறாத சட்டமும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த லிசி வெலாஸ்கெஸ், 17 வயதில் யூடியூபில் தன் முகத்தையே பார்த்துத் திடுக்கிட்டார். 'உலகின் மிக அசிங்கமான பெண்' என்பது அந்த வீடியோவின் தலைப்பு. ஓடியது 8 வினாடிதான், சத்தம்கூடக் கிடையாது. அதற்குள் சுமார் 40 லட்சம் முறை பார்க்கப்பட்டிருந்தது. உயிரை விட்டுவிடு என்று எழுதிய புண்ணியவான்களும் உண்டு.

உடலில் கொழுப்பு சேராத அரிய மரபணுக் கோளாறுடன் 1989-இல் பிறந்தவர் லிசி. எவ்வளவு சாப்பிட்டாலும் எடை 30 கிலோவைத் தொடாது. ஒரு கண்ணில் பார்வை இல்லை.

அவர் ஒளிந்துகொள்ளவில்லை, புத்தகங்கள் எழுதினார், மேடையேறினார். 2013 டிசம்பரில் ஆஸ்டினில் ஆற்றிய டெட்எக்ஸ் உரை உலகெங்கும் பரவியது. 2015-இல் அவரைப் பற்றிய ஆவணப்படமும் வந்தது.

இவ்வளவு பாராட்டிலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. தன்னம்பிக்கையோடு எழுந்து நிற்கும் பொறுப்பு முழுவதும் அடிபட்டவர் தலையில்தான் விழுகிறது. கேலி செய்தவருக்கும், கண்டும் காணாமல் இருந்த பள்ளிக்கும் என்ன வேலை?

லிசிக்கு இது புரிந்திருந்தது. அதனால்தான் மேடையோடு நிற்காமல், பாதுகாப்பான பள்ளிகளுக்கான மசோதாவுக்கு ஆதரவு கேட்டு வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார். மத்திய அரசின் நிதியைப் பெறும் பள்ளிகள் கொடுமைப்படுத்தலைத் தெளிவாகத் தடைசெய்ய வேண்டும், நடந்த சம்பவங்களைக் கணக்கில் காட்ட வேண்டும் என்கிறது அது. அப்படியொன்றும் புரட்சிகரமான கோரிக்கை அல்ல. ஆனாலும் பலமுறை தாக்கலாகியும் அந்த மசோதா சட்டமாகவில்லை.